அண்ணிக்கு வாங்கிய லேப்டாப்

ஜூலை 6, ஞாயிறு

இன்று அண்ணிக்கு லேப்டாப் வாங்கினோம். வாங்கினோம் என்ன, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பணம் மஸ்கட்டிலிருந்து அண்ணன் அனுப்பியது. ஆனால் பணம் இருந்தால் மட்டும் போதுமா? கடைக்காரர் ராம், பிராசஸர் என்று அடுக்கும்போது எது நிஜம், எது புருடா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் வீட்டில் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு என்று ஒருத்தி இருக்கிறேன். "நிரு, நீயே பார்த்து வாங்கிக் குடுத்துடு. மங்கைக்கு இதெல்லாம் தெரியாது" என்று அண்ணனே சொல்லிவிட்டான்.

அண்ணியின் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. துறையூர். பி.ஏ. வரலாறு முடித்த கையோடு கல்யாணம். போன வருஷம் நாத்தனார் முடிச்சு போட்டது நான்தான். மூன்றாவது முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல படிக்கணும்னு ரொம்ப ஆசைப்படுது. நீதாம்மா பார்த்துக்கணும்" என்றார். "அதெல்லாம் நான் பார்த்துக்குறேன் அத்தை" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். இப்போது அண்ணி அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்துவிட்டார், தமிழ் வழியில். சனிக்கிழமை வகுப்பு. கட்டுரைகளை டைப் அடித்து அனுப்ப வேண்டும். பரீட்சை சிலது ஆன்லைனில். முடித்தால் எங்காவது பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம் என்பது கணக்கு.

சிங்காரத்தோப்புக் கடையில் நுழைந்ததுமே அண்ணி ஒரு சின்னச் சாம்பல் நிற லேப்டாப்பிடம் போய் நின்றுவிட்டார். ஒரு கையால் தூக்கினார். கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தார். கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி ஒரு லேப்டாப்பை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இது நல்லாருக்கு நிரு. பஸ்ல தூக்கிட்டுப் போகலாம். தமிழ் டைப் பண்ணலாமாங்க?"

"விண்டோஸ் போட்டே வருதும்மா. தமிழெல்லாம் வரும்" என்றார் கடைக்காரர்.

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணி, அது சும்மா படம் பாக்குறதுக்கு. ஒரே வருஷத்துல மூச்சு வாங்கும். இதைப் பாருங்க." பதினாறு இஞ்ச், கறுப்பு, தனி கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டில் சிவப்பு விளக்கு. தொட்டாலே கை சிலிர்க்கிறது.

"மேடம், இது கேம் ஆடுறவங்க வாங்குறது. அவங்களுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"படிக்கிறவங்களுக்கு நல்லது கிடைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அண்ணி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் கனமோ?" என்றார். பழகிடும் என்றேன். விண்டோஸ் இல்லாமல் வாங்கியதால்தான் அண்ணன் அனுப்பிய பணத்துக்குள் அடங்கியது. அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை நானே போட்டுத் தருகிறேன். வைரஸ் தொல்லை கிடையாது, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று ஆட்டோவில் உறையூர் வரும்வரை விளக்கினேன். அண்ணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே வந்தார்.

நல்ல பொருளாக வாங்கிக் கொடுத்த திருப்தி. என் பழைய லேப்டாப்பின் கீல் இன்று மறுபடி கழன்றது, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சும்மா எழுதுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

லினக்ஸ் போட்டாயிற்று. பறக்கிறது. பயனர் பெயர் கேட்டது, கைப்பழக்கத்தில் 'நிரு' என்று அடித்துவிட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன், அதை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

இன்றிலிருந்து டைரியும் லேப்டாப்பில்தான். கீபோர்டு அவ்வளவு மெத்து. நோட்டில் எழுதி எழுதி விரல் வீங்கியதுதான் மிச்சம். அண்ணி மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தில்தானே எழுதுகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

நான் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவள். அண்ணிக்கு அது வரவில்லை. காலேஜ் லேபில் தமிழ் கீபோர்டு பழகியவராம், தமிழ்99. அதைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நாளைக்குப் போட்டுத் தர்றேன் அண்ணி என்றேன். 'அம்மா' என்று அடிக்க அவர் எழுத்தைத் தேடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணிக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் படிக்க வரும். லேப்டாப் மடியில் சுடுகிறதாம். கல்யாண மணையை எடுத்துவந்து மடிமேல் வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்துல உக்காந்தது. இப்பவாச்சும் ஒண்ணுத்துக்கு ஆச்சே" என்று அம்மா சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அண்ணியும்தான்.

தமிழ் கீபோர்டு மறந்தே போச்சு. அடுத்த வாரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று அண்ணி லேப்டாப்பை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் உட்கார இடமில்லையாம், போகவர நின்றுகொண்டே. அதன் சார்ஜரே ஒரு செங்கல் இருக்கும். ராத்திரி அம்மா தோளில் தைலம் தேய்த்துவிட்டார். இனிமேல் வகுப்புக்கு நோட்டு போதும், கட்டுரையைக் கையால் எழுதி போனில் படம் பிடித்து அனுப்பிக்கொள்கிறேன், அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள் என்றார். பழகிடும் என்று நான் சொல்லத்தான் சொன்னேன். அவரவர் இஷ்டம்.

அப்படியானால் சனிக்கிழமைகளில் லேப்டாப் சும்மாதான் இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் வீடியோவில் வந்தான். "மங்கை, லேப்டாப் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லாருக்குங்க" என்றார் அண்ணி. "நிரு கூடவே இருந்து பாத்துக்குறா."

"என் தங்கச்சின்னா சும்மாவா" என்றான் அண்ணன். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். அந்த முறுக்கு தொண்டையில் கொஞ்சம் நின்று போனது. அம்மா சுட்டதில் எண்ணெய் அதிகம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலேஜில் லேப்டாப்பைத் திறந்ததும் ஷர்மிளா வாயைப் பிளந்தாள். "யாருதுடி?" என்றாள். என்னோடதுதான் என்றேன். பின்னே, ஒவ்வொருத்தியிடமும் குடும்பக் கதையா சொல்லிக்கொண்டிருக்க முடியும்? காலேஜ் கம்ப்யூட்டர் கிளப் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ஒட்டினேன். பெயர் எழுதிய ஸ்டிக்கரும் அதற்கு ஜோடியாக வந்தது, அதையும் ஒட்டினேன். பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறேன், நாலு பேர் கை படுகிற இடம். அண்ணியிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளைக்கு சிம்போசியம். ஸ்லைடு முடிக்கவில்லை, தலை வெடிக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் அண்ணி, திறந்திருந்த லேப்டாப்பில் எதையோ பார்த்திருக்கிறார். வந்ததும் மெதுவாக, "நிரு, நாளைக்கு மத்தியானம் டெஸ்ட். கேமரா ஆன்ல இருக்கணுமாம். லேப்டாப் வேணும். இப்ப திறந்து பார்த்தேன், செவப்பா என்னமோ இங்கிலீஷ்ல வருது" என்றார்.

"ஓடும் ஓடும். காலையில பாக்கலாம் அண்ணி" என்றேன். மனுஷி அவசரத்தில் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் சந்தேகம் வரும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாம் பரிசு. மூன்று காலேஜ் கலந்துகொண்டதில் இரண்டாம் பரிசு என்றால் சும்மா இல்லை.

காலையில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பியதில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அண்ணி கேட்டது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் பாலக்கரை தாண்டிவிட்டது. இறங்கித் திரும்பினால் என் நேரம் போய்விடும். போன் இருக்கிறதே, சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மத்தியானம் அண்ணியிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். நான் மேடையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி படுத்திருந்தார். "மத்தியானம் பூரா மொட்டை மாடியில, சிக்னல் அங்கதான் வருதுன்னு வெயில்லயே நின்னா. மண்டையிடியாம்" என்றார் அம்மா.

"டெஸ்ட் எப்படி அண்ணி?"

"ம்."

ம் என்றால் நன்றாகத்தான் எழுதியிருப்பார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிரவுசரில் எதையோ தேடப்போய், அண்ணி வியாழக்கிழமை திறந்த பக்கம் கண்ணில் பட்டது. அவருடைய பரீட்சைப் பக்கம். விண்டோஸ் உள்ள கணினியிலோ போனிலோ மட்டுமே இந்தத் தேர்வை எழுதலாம் என்று சிவப்பில் போட்டிருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறார்.

ஹிஸ்டரியை அழித்தேன். அவ்வப்போது அழிப்பது நல்லது.

செப்டம்பர் 20, சனி

அண்ணி இப்போதெல்லாம் லேப்டாப் கேட்பதே இல்லை.

அக்டோபர் 1, புதன். சரஸ்வதி பூஜை

பூஜையில் வைத்த பிறகு படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இருந்தாலும் எழுதுகிறேன். லேப்டாப் பூஜையில் இருக்கிறது. அதனால் பரணில் போட்ட பழைய நோட்டைத் தேடி எடுத்து, மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரும் பார்க்காமல் இருந்தால் சரி.

வழக்கம்போல அம்மா பலகை போட்டுப் பட்டுத்துணி விரித்தார். அவரவர் புத்தகத்தை அவரவர் அடுக்க வேண்டும். அப்பாவுடைய பஞ்சாங்கம், பேனா. அம்மாவின் பாட்டுப் புத்தகம். அண்ணி வந்த பிறகு இதுதான் முதல் முறை, போன வருஷம் நவராத்திரிக்குத் துறையூர் போயிருந்தார். தன் நாலு நோட்டையும் அட்டை போட்ட பாடப்புத்தகங்களையும் நேராக அடுக்கி, மேலே தன் போனைத் துடைத்து வைத்தார். நான் என் புத்தகங்களை அடுக்கி, மேலே லேப்டாப்பை வைத்தேன். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. கை தானாக வைத்தது. யோசித்து வைத்திருந்தாலாவது மறைத்திருப்பேன்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் பொட்டு வைத்துக்கொண்டே, "இது அப்பாவோடது, இது மங்கையோடது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், லேப்டாப்பிடம் வந்ததும் விரலை நிறுத்தினார்.

"இது மங்கையோடதுல்ல? ஏன்டி உன் புக்கு மேல வச்சிருக்க?"

எடுத்து மாற்றி வைக்கக் கையை நீட்டினேன். பூச்சரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "பரவால்ல அத்தை, அங்கயே இருக்கட்டும். நான் அதுல ஒண்ணும் படிக்கலையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போட்டாச்சு அத்தை என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, லேப்டாப்பின் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். நிரஞ்சனா, பி.சி.ஏ. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா அந்த ஸ்டிக்கர் மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு மூடவும் முடியவில்லை, திறந்து எதைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. உடம்பு கூசியது.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலையில் பூஜையைப் பிரித்து அவரவர் புத்தகத்தை எடுத்துக் கொஞ்சம் படிக்க வேண்டும். அம்மா லேப்டாப்பைத் தானே எடுத்துக் கொண்டுபோய் அண்ணி மடியில் வைத்தார். "இன்னிக்காவது இதுல ரெண்டு வரி எழுதும்மா."

அண்ணி திறந்தார். 'நிரு' என்று வந்தது. அதன் கீழே பாஸ்வேர்டுக் கட்டம். அண்ணி எழுந்துபோய்ப் பர்ஸிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துவந்தார். மடிப்பு நைந்துபோயிருந்தது. பார்த்துப் பார்த்து அடித்தார். தவறு என்று வந்தது. தான்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். மறுபடியும் தவறு. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"மாத்திட்டேன்" என்றேன்.

"எப்ப?" என்றார் அம்மா.

"ஆகஸ்ட்ல."

"அப்ப இத்தனை நாளா அவ எதுலடி படிச்சா?"

அண்ணி லேப்டாப்பை மெதுவாக மூடி, மணைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு டெஸ்ட்..."

"போன்லதான் எழுதினேன். பாதியில சூடாகி நின்னுருச்சு. திரும்ப உள்ள விடல. ஆப்சென்ட் போட்டுட்டாங்க. அந்தப் பேப்பர் இனி அடுத்த வருஷம்தான்."

"ஏன் அண்ணி சொல்லல?"

கேட்டவுடனேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"யார்கிட்ட சொல்றது?" என்றார். "உங்க அண்ணன்கிட்ட சொன்னா உன்னைத் திட்டுவாரு. அத்தைகிட்ட சொன்னா, வந்த ஒரு வருஷத்துல நாத்தனாரைப் பத்திக் கோள் சொல்றான்னு ஆகும். உன்கிட்ட சொல்லலாம்னா, நீ எங்க நிரு கேட்ட?" அடுப்பைப் பற்ற வைத்தார். "எனக்குக் கடையிலயே தெரியும். கனமா இருக்குன்னு நான் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், நீ என்னைப் பாக்கல. அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்த."

எனக்கும் கடையிலேயே தெரியும். இவர் ஒரு மாசம் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார், அப்புறம் அது எனக்குத்தான் என்று அந்தக் கடையில் நின்றபோதே என் மனசுக்குள் ஓடியது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சரி. என் டைரியில்கூட எழுதவில்லை. டைரிக்குக்கூட நல்லவள் வேஷம் போட்டிருக்கிறேன். சீ, என்ன பிறவி நான்.

அக்டோபர் 4, சனி

டைரியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பில் இருந்த என்னுடையதையெல்லாம் அழித்தேன். பயனர் பெயர் மங்கையர்க்கரசி. தமிழ்99 கீபோர்டு போட்டேன். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதைத்தான் மூன்று மாசமாக நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தடித்திருக்கிறேன். அது தெரிந்தபோது வந்த வெட்கம், பூஜையன்று வந்ததைவிடப் பெரிது. அன்றைக்காவது எல்லோரும் பார்த்தார்கள். இது எனக்கு மட்டும் தெரியும்.

ஸ்டிக்கரைச் சுரண்டினேன். பேர் போய்விட்டது, பிசின் போகவில்லை. குங்குமம் அதில் ஒட்டிச் சிவப்பாகத் தெரிகிறது.

அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேண்டாம் நிரு. எனக்கு அது கனம்" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணனிடம் நானே போன் பண்ணிச் சொன்னேன். கடையிலிருந்து ஆரம்பித்து எதையும் விடவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். "உன்னை நம்பித்தானடி விட்டேன்" என்றான். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

ஷர்மிளாவின் தம்பி கேம் ஆடுகிறவன். அண்ணியின் லேப்டாப்பை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். "உன்னோடதுன்னு சொன்ன?" என்று கேட்டாள் ஷர்மிளா. கேன்டீனில் நாலு பேர் இருந்தார்கள். "பொய் சொன்னேன். எங்க அண்ணியோடது" என்றேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஷர்மிளாவின் தம்பி கொடுத்த பணத்தோடு அதே கடை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சொல்லுங்க மேடம், என்ன கான்பிகரேஷன் பாக்கலாம்?" என்று என்னிடம்தான் கேட்டார். "அவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றேன்.

அந்தச் சாம்பல் நிறச் சின்னது இன்னும் இருந்தது. அண்ணி ஒரு கையால் தூக்கினார். கக்கத்தில் இடுக்கினார். உட்கார்ந்து மடியில் வைத்துத் தமிழில் ஏதோ அடித்துப் பார்த்தார். சூடாகுமா, பரீட்சைப் பக்கம் இதில் திறக்குமா என்று கேட்டுத் தன் போனிலிருந்த முகவரியைக் காட்டி, கடையிலேயே திறக்கவும் வைத்தார். சிவப்பு எழுத்து வரவில்லை. "இதுதான்" என்றார். ஜூலையில் நல்லாருக்கு என்று சொன்ன அதே லேப்டாப். நடுவில் அவருக்கு ஒரு பேப்பர் போனதுதான் மிச்சம். ஆட்டோவில் நான் வாயே திறக்கவில்லை. அண்ணிதான் பேசினார், அடுத்த சனிக்கிழமை வகுப்பைப் பற்றி.

வீட்டுக்கு வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திறந்தார். மணை தேவைப்படவில்லை. "கூட இரு நிரு, ஏதாச்சும் தெரியலைன்னா கேக்குறேன்" என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். மொழி கேட்டது, அவரே தேர்ந்தெடுத்தார். பெயர் கேட்டது. மங்கையர்க்கரசி என்று முழுசாக அடித்தார். என்னிடம் ஒன்றுமே கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது பாஸ்வேர்டு கேட்டது. அண்ணியின் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து, இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கொஞ்சம் பொறுத்து உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. மறுபடி உள்ளே போகலாமா என்று நினைத்தேன். கூப்பிடுவார் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.